மீன் தொட்டியின் முதுகு

மழை பிடித்தபோது தோட்டத்தின் எல்லைக் கல்லைத் தாண்டியிருந்தோம். அப்பா முன்னால் போனார், தலையில் தகரப் பெட்டி. அம்மா நடுவில், இடுப்பில் ஒரு சோற்றுப் பானை. அதற்குள் கொஞ்சம் அரிசி, உப்பு, காய்ந்த மிளகாய். நான் கடைசி. என் தோளில் சுருட்டி வைத்த ஒரு ரப்பர் ஷீட் கிடந்தது. நீல நிற ஷீட். நீல ரப்பர் ஷீட்டை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் அந்த ஒன்றைத் தவிர வேறு பார்த்ததில்லை.

"அதை விரிடா. தலைக்கு மேல பிடி" என்றாள் அம்மா.

விரித்தேன். அம்மா உள்ளே வந்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் சனியனை ஏன் தூக்கிட்டு வந்தீங்க? அங்கயே போட்டுட்டு வர வேண்டியதுதானே."

"மழைக்கு எது இருந்தா என்ன? வாங்க, உள்ள வாங்க."

அவர் வரவில்லை. நனைந்துகொண்டே நடந்தார். பெட்டியின் மேல் மழை விழுந்து தடதடவென்று சத்தம் போட்டது. நாங்கள் கூலாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ரெங்கம்தான் பக்கத்து ஊர். ஆனால் ரெங்கம் ஸ்டேஷனுக்குத்தான் மறுநாள் தோட்டத்து லாரி போகும். எங்களை ஏற்ற வேண்டிய லாரி அது. அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து ஊர். அந்த ஊருக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் எதிர்ப்பக்கம் நடந்தோம்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. என் வயதுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் லயத்திலும் அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்திருக்கும். பிரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிட்டவனுக்கு வேலை. கூப்பிடாதவன் வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவான். சில நாள் கழித்து அவன் குடும்பம் லாரியில் ஏறும். பிள்ளைகள் லாரியில் ஏறுவதைக் கொண்டாட்டமாக நினைத்துக் கையை ஆட்டும். என்னோடு கோலி விளையாடிய பையன்கள் எல்லாரும் அப்படிக் கையை ஆட்டிக்கொண்டுதான் போனார்கள்.

போகிறவர்களில் பலர் அழவில்லை. ஊரில் அவர்களுக்கு அண்ணன் தம்பி இருந்தார்கள், ஒரு கூரை இருந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. அம்மா பிறந்த தெருவில் அப்பா செருப்புப் போட்டு நடக்க முடியாது. அந்தத் தெருப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியவர் அவர். கப்பலில்தான் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். இதை அம்மா எனக்கு அந்தப் பருவத்தில்தான் சொன்னாள், தண்ணீர்க் குழாயடியில் துணி அலசிக்கொண்டே.

"நாம எப்பம்மா லாரியில போவோம்?" என்று கேட்டேன். மற்றப் பையன்களைப் போல நானும் கையை ஆட்ட ஆசைப்பட்டேன்.

அவள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு என் வாயில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு ஈரக் கையாலேயே என் தலையைத் தடவினாள்.

"அங்க எங்க அண்ணனுங்க இருக்காங்க. கப்பல் கரைக்கு வர்ற அன்னிக்கே ஒங்க அப்பாவ முடிச்சிருவாங்க. என்னை என்ன செய்வாங்கன்னு தெரியாது. இனிமே லாரின்னு சொல்லாத."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு லாரியின் சத்தம் கேட்டாலே எனக்குச் சிறுநீர் முட்டும்.

அப்பா ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர் இல்லை. பால் ஸ்டோரில் வேலை. மரத்தடியிலிருந்து வரும் பாலை வடிகட்டித் தட்டுகளில் ஊற்றித் திராவகம் கலந்து உறைய வைப்பார். உறைந்ததை உருளைகளில் கொடுத்துத் தட்டையாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார். அவர் கைகளில் எப்போதும் ஒரு புளித்த வாடை இருக்கும். சோறு பிசைந்து எனக்கு ஊட்டினால் அந்த வாடையும் சேர்ந்து வரும். பால் குறையக் குறைய ஸ்டோரிலும் ஆள் குறைந்தது. அப்பாவும் இன்னொருவரும் மிஞ்சினார்கள். பிறகு அப்பா மட்டும்.

அப்படி இருக்கும்போதுதான் மீன் வந்தது.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசாணி, சிங்கப்பூர் போய் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தாள். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த பெரிய தொட்டி. மீன்கள் தகர டின்னில் ரயில் ஏறி வந்தன. செம்பொன் நிறத்தில் விசிறி மாதிரி வால் வைத்த மீன்கள். லயத்துப் பெண்கள் குழாயடியில் இதைத்தான் பேசிச் சிரித்தார்கள்.

"நமக்குப் போற டிக்கெட்டு, மீனுக்கு வர்ற டிக்கெட்டுடி."

"அதுவும் மொத வகுப்பாம்!"

தொட்டியைப் பங்களா முன்தாழ்வாரத்தில் சுவரோரம் வைத்தார்கள். அந்தச் சுவரில் ஈரம் ஏறிக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். தண்ணீர் நிரப்பியதும் அந்தப் பூஞ்சை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. மீன்கள் சாக்கடையில் நீந்துவது போல இருந்தன. துரைசாணிக்கு அது பொறுக்கவில்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி ஸ்டோருக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டும் வேட்டியுமாக இருப்பார். துரையிடம் பேச வேண்டியதையெல்லாம் அவர் வழியாகத்தான் பேச வேண்டும்.

"துரைசாணி அம்மாவுக்குத் தொட்டிக்குப் பின்னால தெரியிற சுவர் பிடிக்கேல்லை. மீன் எடுப்பாத் தெரிய ஏதாவது பின்னுக்கு வைக்க வேணுமாம். நீ கைவேலை தெரிஞ்சவன் எண்டு நான் சொல்லிப் போட்டன்."

"செய்யிறேங்க ஐயா."

"வடிவாச் செய். தோட்டத்தைப் பூட்டினாலும் பங்களாவைப் பூட்ட மாட்டினம். அங்க ஒரு ஆள் நிரந்தரமா வேணும். அவவுக்குப் பிடிச்சா நீதான் அந்த ஆள். விளங்குதோ?"

அப்பாவுக்கு விளங்கியது. அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னபோது அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

"மீனுக்குப் பின்னால ஒரு துணி தொங்கவிட்டா நாம இங்கயே இருந்துறலாமா?"

"அப்படித்தான் சொல்றாரு."

"அப்ப நல்லதா பாத்து வைங்க" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

முதலில் வாழை இலை. அப்பா குருத்து விரிந்த பெரிய இலையாகப் பார்த்து வெட்டித் தொட்டியின் முதுகில் கட்டினார். என்னையும் நரம்பைச் சீவக் கூட்டிப்போயிருந்தார். காலை வெயில் இலையைத் துளைத்து வந்தது. தண்ணீர் முழுக்கப் பச்சை வெளிச்சம், அதற்குள் பொன் நிற மீன்கள். துரைசாணி முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். "பாகுஸ்" என்றாள். நல்லது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த மலாய்ச் சொல் அது. நாங்கள் வீட்டுக்கு வந்து சொன்னோம். ஆனால் மத்தியானமே இலை சுருண்டுவிட்டது. மறுநாள் பழுத்து ஓரம் கருகிவிட்டது. "தா பாகுஸ்" என்று தலையை ஆட்டினாள் துரைசாணி. தினமும் ஒரு புது இலை கட்டுகிறேன் என்று அப்பா கிராணியிடம் சொல்லிப் பார்த்தார். அவளுக்கு அது வேண்டாமாம்.

இரண்டாவதாகக் கிராணி தன் அறையிலிருந்து ஒரு காலண்டர்ப் படத்தைக் கொடுத்தார். கடலில் ஒரு பெரிய கப்பல். புகைபோக்கி, கொடி எல்லாம் இருந்தது. அப்பா கப்பலைப் பார்க்காமலே அதைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டினார். பசை பூசிய விரல்கள் என்பதால் தாள் அங்கங்கே கசங்கியது. ஒட்டி முடித்தால், கப்பல் தண்ணீருக்கு அடியில், மீன்கள் அதற்கு மேல் ஆகாயத்தில். துரைசாணி விழுந்து விழுந்து சிரித்தாள். துரை கூட வெளியே வந்து சிரித்தார். கிராணியும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. படத்தைக் கிழித்து எடுத்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது அம்மாவின் சேலை.

அது அவள் ஊரை விட்டு வந்த அன்று உடுத்தியிருந்த கண்டாங்கி. அரக்குச் சிவப்பு. பெட்டியின் அடியில் வேப்பிலை போட்டு வைத்திருப்பாள். உடுத்தி நான் பார்த்ததே இல்லை. துணி என்றால் இதைவிட அழகான துணி தோட்டத்தில் யாரிடமும் இல்லை என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். அப்பா வேண்டாம் என்றார்.

"ஒடம்புல கட்டாம வச்சு என்ன செய்யப் போறேன்? கொண்டு போங்க."

மறுநாள் குழாயடியில் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னடி, ஒம் புருசன் மீனுக்குச் சேலை கட்டி விடுறாராமே?"

"சேலை மட்டுமா, தாலியும் கட்டுவாரு பாரு!"

அம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் பயத்தில்தான் சிரித்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. யார் வீட்டு அடுப்பு அடுத்து அணையும் என்று யாருக்கும் தெரியாத நேரம்.

சேலையைத் தொங்கவிட்டால் மீனைக் காணவில்லை. சிவப்புக்கு முன்னால் சிவப்பு மீன் மறைந்துவிட்டது. கண்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாக அங்கும் இங்கும் போயின. துரைசாணிக்குச் சேலையைப் பிடித்துப் போயிற்று, மீனைத்தான் காணவில்லை. சேலையைக் கையில் தடவிப் பார்த்து உள்ளே எடுத்துப் போனாள். பிறகு வெளியே வந்து ஆகாயத்தைக் காட்டினாள். "பிரு" என்றாள். நீலம் வேண்டுமாம்.

"சேலைய வாங்கிட்டு வரலையா?" என்று அம்மா கேட்டாள்.

"எப்படிக் கேக்குறது? வேல கெடைக்கட்டும், பொறவு கேக்கலாம்."

நீலத்துக்கு எங்கே போவது? தோட்டத்து ஸ்டோரில் இருந்த சாயம் தாரும் காவியும் சுண்ணாம்பும்தான். கடையில் துணிக்குப் போடும் நீலக்கட்டி இருந்தது. அப்பா சுண்ணாம்பில் நீலம் கலந்து ஒரு பலகையில் பூசிப் பார்த்தார். காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இதற்குள் கிராணி வந்து இன்னொன்று சொன்னார். சிங்கப்பூரிலிருந்து கம்பெனியின் பெரிய துரை ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். அவர் வருவதற்குள் தொட்டி தயாராக வேண்டுமாம். அவர் போன பிறகு அடுத்த லாரியில் யார் யார் என்பது முடிவாகுமாம்.

அன்று அப்பா வெகுநேரம் ஸ்டோரில் தட்டுகளின் முன்னால் குந்திக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன். தட்டில் பால் வெள்ளையாக, அசையாமல் கிடந்தது. அவர் கஞ்சியைத் தொடவில்லை. திடீரென்று என்னைப் பார்த்தார்.

"டேய், பாலுலேயே நீலத்தக் கலந்தா என்ன?"

நீலக்கட்டியைத் துணியில் முடிந்து பாலுக்குள் அமுக்கினார். நீலம் புகை மாதிரிக் கிளம்பியது. தட்டின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் கொஞ்சமாகவும் விட்டு, ஒரு மூங்கில் குச்சியால் மெல்ல இழுத்தார். அடியில் கருநீலம், மேலே வர வர வெளிர் நீலம், நடுவில் வெள்ளைத் தீற்றல்கள். அசல் ஆகாயம். என் அப்பாவிடம் அப்படியொரு கை இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது. திராவகத்தை ஊற்றினார். வாடை மூக்கைத் தாக்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தோம். உறைந்ததும் வழவழப்பான உருளையில் மட்டும் கொடுத்தார். கோடு போடும் உருளையில் கொடுக்கவில்லை. நான் கைப்பிடியைச் சுற்றினேன். மறுபக்கத்தில் நீலம் நாக்கு மாதிரி நீண்டு வந்தது.

"அப்பா, பொகையில போடலையா?"

"பொகையில போட்டா பழுப்பாப் போயிரும்டா. அப்புறம் நீலம் எங்க இருக்கும்?"

மூன்று முறை வாய்க்கால் தண்ணீரில் கழுவினார். நிழலில் தொங்கவிட்டார். மழைக்காலம், காற்றில் ஈரம். ஷீட் காயவில்லை. ஆனால் நீலம் நீலமாகவே இருந்தது. ஸ்டோருக்கு வந்த ஒவ்வொருவரும் அதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

சனிக்கிழமை அதைப் பங்களாவுக்குக் கொண்டு போனோம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சரியாக ஒட்டவில்லை. ஒட்டாத இடங்களில் காற்று நின்று திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஆகாயத்தில் தேமல் விழுந்தது போல. துரைசாணியின் முகம் மாறுவதை அப்பா பார்த்தார். ஒரு நிமிடம் கூட யோசித்திருக்க மாட்டார்.

"உள்ள வச்சிருவோம். தண்ணியே அழுத்திப் பிடிச்சுக்கும்" என்று எனக்குச் சொன்னார். உண்மையில் தனக்குத்தான் சொல்லிக்கொண்டார்.

கையை விட்டு ஷீட்டைத் தொட்டிக்கு உள்ளே பின்பக்கக் கண்ணாடியோடு இறக்கினார். தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டது. ஓரங்கள் மறைந்தன. திட்டுகள் போயின. அது ஒரு பெட்டி என்பதே மறந்துபோனது. பொன் மீன்கள் ஆகாயத்தில் மேகங்களுக்கு நடுவே பறந்தன. அப்படியொரு காட்சியைப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. துரைசாணி கை தட்டினாள். என் கையில் சர்க்கரை தூவிய இரண்டு பிஸ்கட் வைத்தாள். கிராணி அப்பாவின் தோளைத் தொட்டார். அதுவரை அவர் அப்பாவைத் தொட்டதில்லை.

"திங்கட்கிழமையிலிருந்து பங்களாவுக்கு வா" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா தேங்காய் உடைத்தாள். கடன் சொல்லி வாங்கிய தேங்காய். சோறு குழையாமல் வடித்தாள். நான் கொண்டு வந்த பிஸ்கட்டில் ஒன்றை அவளும் அப்பாவும் பாதிப் பாதியாகத் தின்றார்கள். "இனிமே லாரி வந்தா நாம வேடிக்கை பாக்கலாம்" என்று அப்பா சொன்னார். அம்மா அவர் வாயிலும் ஒரு தட்டுத் தட்டினாள். மூன்று பேரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. அப்பா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். படியில் கால் வைக்கும்போதே வாடை அடித்தது. எங்களுக்குப் பழகிய வாடை. புளித்த பாலும் திராவகமும் கலந்த பால் ஸ்டோர் வாடை, துரையின் முன்தாழ்வாரத்தில். தண்ணீர் கலங்கி அரிசி கழுவிய நீர் போல இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே, வயிற்றைக் காட்டிக்கொண்டு. ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அப்பா விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. தினமும் கை வைத்துப் புழங்கிய திராவகம். புகை போடாத ஷீட் உள்ளுக்குள் ஈரத்தையும் புளிப்பையும் வைத்திருக்கும் என்று பால் ஸ்டோரில் வேலை செய்கிற எந்த ஆளுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நீலம் அதை மறக்கடித்துவிட்டது.

துரைசாணி அழுதாள். ஒவ்வொரு மீனுக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாளாம். "ராச்சுன்! ராச்சுன்!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

"நீ நஞ்சு வைச்சிட்டாய் எண்டு சொல்லுறா" என்றார் கிராணி. அவர் முகம் வெளிறியிருந்தது. அப்பாவைச் சொல்லி வைத்தவர் அவர்தானே. "இல்லை எண்டு சொல்லு. ஏதாவது சொல்லன்!"

அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்வது? நஞ்சு இல்லை, திராவகம் என்றா? கும்பிட்டார். கும்பிட்ட கையைக் கீழே இறக்காமலே நின்றார். துரை வெளியே வந்து தொட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை. கிராணியிடம் இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செவ்வாய்க்கிழமை லாரியில் எங்கள் பெயர்.

திங்கட்கிழமை காலையில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பங்களாவின் பின்வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு சீனச் சமையல்காரர் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக் காட்டி, "என் சேலை, சிவப்பு" என்று சைகை செய்தாள். அவர் உள்ளே போய்த் திரும்பி வந்தபோது கையில் அந்த நீல ஷீட்தான் இருந்தது. அம்மாவின் காலடியில் போட்டார். அம்மா மறுபடியும் தலைப்பைப் பிடித்துக் காட்டினாள். அவர் கையை விரித்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. உள்ளே போய் அந்தச் சேலையைக் கேட்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சேலை என்ன ஆயிற்று என்று தெரியாது. மேசை விரிப்பாகியிருக்கலாம். சீமைக்குக் கூடப் போயிருக்கலாம்.

கங்காணி லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"கப்பல் சீட்டு வேணாங்கிறவனுக்கு லயத்துல எடம் கெடையாது, ஆமா! நாளைக்கு லாரியில ஏறு, இல்ல இன்னிக்கே வெளிய நட!"

"நடக்குறோம் கங்காணி" என்றாள் அம்மா. அப்பா தகரப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்.

அப்படித்தான் நாங்கள் அந்தச் செம்மண் சாலையில் மழையில் நடந்தோம்.

வழியில் அன்னாசித் தோட்டங்கள் வந்தன. விலையில்லாமல் பழங்கள் அறுக்கப்படாமலே அழுகிக் கிடந்தன. அப்பா ஒன்றைப் பிடுங்கிப் பிளந்து கொடுத்தார். வேறு சாப்பாடு இல்லை. அரிசி இருந்தது, ஆனால் அடுப்பு மூட்டக் காய்ந்த விறகு இல்லை. தின்னத் தின்ன நாக்கு வெந்து போயிற்று. உதட்டோரம் ரத்தம் கசிந்தது. அம்மா மழைத் தண்ணீரைக் கையில் ஏந்திக் கொப்பளிக்கச் சொன்னாள். நான் அழுதேனா என்று நினைவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அதைவிட மோசமாகப் பசித்திருக்கிறேன். ஆனால் அன்னாசிப் பழ வாசனை வந்தால் இப்போதும் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுவேன்.

பொழுது சாயும்போது ரயில் பாதைக்கு அடியில் ஒரு மதகு தெரிந்தது. அதற்குள் தண்ணீர் ஓடியது. மதகின் வாயருகே ஒரு மேட்டில் உட்கார்ந்தோம். மழை விடவில்லை, சாரல் உள்ளே அடித்தது. அம்மா ஷீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். இன்னொரு ஓரம் தொங்கியது. அப்பா வெளியே நின்றார். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அம்மா கூப்பிடவில்லை. தொங்கிய ஓரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா குனிந்து உள்ளே வந்தார். அந்த ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். ஷீட்டிலிருந்து புளித்த வாடை வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மூணு தடவ கழுவுனேன் புள்ள" என்றார்.

"தெரியுங்க."

"நாலாவது தடவ கழுவியிருந்தா..."

"தெரியுங்க. பையன் தூங்கட்டும்."

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் வளர்ந்து லாரியில் சுமையேற்றும் ஆளாக அலைந்த காலத்தில் அந்தத் தோட்டத்துப் பக்கம் ஒருமுறை போக நேர்ந்தது. பால் ஸ்டோரின் கூரை சரிந்து கிடந்தது. அங்கே தங்கிவிட்ட ஒரு கிழவர் சொன்னார். நாங்கள் போன அதே மாதத்தில் துரைக்கும் சீட்டுக் கிழிந்துவிட்டதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து வந்த பெரிய துரை அதைச் சொல்லத்தான் வந்தாராம். பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். கிராணி யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார். கண்ணாடித் தொட்டியில் யாரோ கொஞ்ச நாள் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தார்களாம். அப்பாவின் ஆகாயம் புளிக்காமல் இருந்திருந்தாலும், மீன்கள் நூறு வருடம் உயிரோடு இருந்திருந்தாலும், எங்களுக்கு அந்தப் பங்களாவில் வேலை இருந்திருக்காது. இதை அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வரை நாலாவது தடவை கழுவியிருந்தால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மதகடியில் ஒதுங்கிய மறுநாள் காலை கூலாய்க் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தோம். மழை விட்டிருந்தது. கடைத்தெரு முழுக்க எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி, பானை, பிள்ளை. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அம்மா முகம் கழுவப் போனாள். கடைக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. கடையில் இருந்தவர்கள் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்று கூப்பிட்டார்கள்.

"வேலை கேக்காதீங்க" என்றார், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே. "விடிஞ்சதுலேருந்து இதே பாட்டுத்தான். ஒரு தோட்டமே என் கடை வாசல்ல வந்து உக்காந்திருக்கு."

"நானா, எது இருந்தாலும் செய்வேன். வெறகு ஒடைப்பேன்" என்றார் அப்பா. நேற்றிலிருந்து வெளி ஆளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"வெறகு ஒடைக்க ஏற்கெனவே நாலு பேரு நிக்கிறாங்க, பாருங்க." அவர் என்னைப் பார்த்தார். "பெரியாளுக்கு வேலையில்லை. மீன் கழுவுற பொடியன் நேத்து ஓடிப்போயிட்டான். இவன் கழுவுவானா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கழுவுவான். மீன் அவனுக்குப் பழக்கந்தான்" என்றாள் அம்மா.

"சம்பளமெல்லாம் இப்பப் பேசாதீங்க. மத்தியானம் மிஞ்சுற சோறும் கொழம்பும் மூணு பேருக்கும் வரும். படுக்க, பின்னாடி வெறகுக் கொட்டகை இருக்கு. சரியா?"

"சரிங்க நானா."

அவர் உள்ளே போய் ஒரு கூடையைத் தூக்கி வந்தார். கோத்தா திங்கிப் பக்கத்து ஆற்று மீன்களாம். சில இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. தரை முழுக்கச் சேறு. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கீழ விரிக்க ஒண்ணுமில்லையே. தம்பி, ஒன் தோள்ல என்ன அது? நீலமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கடைக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டார். ஷீட்டைச் சேற்றின் மேல் விரித்தேன். அடியில் கருநீலம், மேலே வெளிர் நீலம், நடுவில் வெள்ளை மேகங்கள். நானா கூடையை அதன் மேல் கவிழ்த்தார். வெள்ளி மீன்கள் ஆகாயத்தில் சிதறி விழுந்து துள்ளின.

அப்பா வந்து தண்ணீரை ஊற்றினார். நான் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துள்ளிக்கொண்டிருந்த மீனை ஒதுக்கிவிட்டு, துள்ளாத ஒன்றை முதலில் எடுத்தேன்.